சித்திரையில் பூக்க வேண்டிய பாத்தி

பூச்செடி வளர்ப்பதைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். மனசுக்கு நிம்மதி, கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். எங்கள் வீட்டில் பூச்செடி என்பது வயிற்றுப்பாடு. பூத்தால் வேலை, பூக்காவிட்டால் மறுபடியும் கூலிக்கு அலைச்சல். அப்படித்தான் நான் பூவைப் பார்க்கப் பழகினேன். இந்த வயசிலும் அந்தப் பார்வை மாறவில்லை.

கல்யாணமாகி ராஜகுளத்திலிருந்து உத்திரமேரூர்ப் பக்கம் வந்தபோது என் வீட்டுக்காரருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. சேரியில் யாருக்கும் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் மானாம்பதி, சாலவாக்கம் என்று போவார்கள். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். படித்த திமிர் கொஞ்சம் உண்டு, வாய் அதைவிட நீளம். "இவ வாய்க்கு பயந்தே வேல தேடிக்கினு போறேன்" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படித் தேடிப்போனபோது கிடைத்ததுதான் பங்களாத் தோட்ட வேலை. ஏரிக்கரைக்குக் கீழே சர்க்கார் பங்களா ஒன்று இருந்தது. முகாம் வரும் அதிகாரிகள் தங்குவதற்கு. வாசலிலிருந்து படிக்கட்டு வரைக்கும் ஒரு செம்மண் பாதை, அதன் இரண்டு பக்கமும் நீளப் பாத்தி, நடுவில் வட்டமாக ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ள டெம்பரவரியாக ஒரு ஆள் வேண்டும் என்று ஓவர்சியர் இவரைப் போட்டார். பங்களாக் கிணற்றில் செடிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இறைக்கலாம். சமையல்கட்டுக்கு ஒரு குடம் இறைத்துக் கொடுக்கக் கூடாது. அதற்கு வேறு ஆள் உண்டு. இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பிறக்கும்போதே தெரியும்.

மார்கழியில் ஓவர்சியர் பெங்களூரிலிருந்து சீமைப் பூ விதை வரவழைத்துக் கொடுத்தார். பனியில் நன்றாகத்தான் பூத்தது. மாசி வெயில் ஏறியதும் அத்தனையும் கருகிச் சருகாகிவிட்டது. அப்போதுதான் ஓவர்சியர் இவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"சித்திரைல பெரிய இன்ஜினீர் முகாம் வர்றாருய்யா. அந்த நேரம் பாத்தி பூத்து நிக்கணும். நின்னா உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

ஏரி வற்றினால்தான் மதகும் கரையும் கண்ணுக்குத் தெரியும். அதனால் ஏரி பார்க்க வருகிற அதிகாரி நல்ல வெயிலில்தான் வருவார். அந்த வெயிலில் அவருக்குப் பூவும் வேண்டும்.

பர்மனென்ட் என்றால் மாசா மாசம் சம்பளம், இரண்டு செட் காக்கி உடுப்பு. எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளலாம், அன்றைக்கும் அடுப்பு எரியும். அது ஒன்றுக்காக நான் எந்தப் பூவையும் கும்பிடத் தயாராக இருந்தேன். அப்போது வயிற்றில் முதல் பிள்ளை வேறு.

வெயிலைத் தாங்குகிற பூ எது என்று சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோழிக்கொண்டை, வாடாமல்லி, துலுக்கச் சாமந்தி. மாதா கோயில் தேருக்கும் சரி, அம்மன் கோயில் காப்புக்கும் சரி, கோடையில் கைக்கு அகப்படுவது இவைதான். குப்பைமேட்டில் தானாக முளைக்கிற செடிதானே என்று நான் நினைத்தேன். குப்பைமேட்டில் முளைப்பது வேறு, அதிகாரி வருகிற நாளைக்கு வரிசையாகப் பூத்து நிற்பது வேறு என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் தடவை இவர் நெல் நாற்றங்கால் மாதிரி பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கிவிட்டார். வேறென்ன செய்வார், பிறந்ததிலிருந்து நெல்லைத்தானே பார்த்தார். விதையெல்லாம் ஒரு மூலைக்கு மிதந்துபோய் அழுகிவிட்டது. இரண்டாம் தடவை பொறுமையாகச் செய்தார். வறண்ட ஏரியிலிருந்து வண்டல் அள்ளி வந்து மட்கிய ஆட்டெருவோடு கலந்தார். கோழிக்கொண்டை விதை பொடிசு, சும்மா தூவினால் ஒரே இடத்தில் கொட்டும், அதனால் மணலோடு கலந்து தூவினார். எறும்பு தூக்கிப் போகாமலிருக்கச் சுற்றிலும் சாம்பல். மேலே நனைத்த கோணி. வாடாமல்லி விதைக்குப் பஞ்சு மாதிரி ஒரு மேல்தோல் இருக்கும், அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் முளைக்கவே யோசிக்கும். முளைத்ததும் கோணியை எடுத்துவிட்டுப் பனையோலையைச் சாய்த்து நிழல் கட்டினார். வேர் பிடித்ததும் அதையும் எடுத்துவிட்டார்.

"வெயில்ல பொறந்தது வெயில்லயே நிக்கட்டும்மே. செல்லம் குடுத்தா நிக்காது" என்றார்.

சூரியன் வருவதற்கு முன்னால் ஒரு தண்ணீர், போன பிறகு ஒரு தண்ணீர். உச்சி வேளையில் செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். பார்த்தால் பாவமாக இருக்கும். அப்போது ஊற்றினால் வேர் வெந்துவிடும், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாயங்காலம் அதுவே நிமிர்ந்துகொள்ளும். வாடாமல்லிக்கு நுனி கிள்ளினார், சாமந்தியில் வாடிய பூவை அன்றன்றைக்கே பறித்துப் போட்டார்.

பூத்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படிப் பூத்தது. பாதை ஓரம் முழுக்கச் சிவப்புக் கொண்டை, உள்பக்கம் ஊதா, நடு வட்டத்தில் மஞ்சள். ஏரி வெடித்துக் கிடக்கிறது, ஊரே காய்ந்து கிடக்கிறது, பங்களா வாசல் மட்டும் கல்யாண வீடாக நின்றது. பெரிய இன்ஜினீர் ஜீப்பிலிருந்து இறங்கி, "பேஷ், யாருய்யா தோட்டக்காரன்?" என்று கேட்டாராம். "நம்ம ஆளுதான் சார்" என்றாராம் ஓவர்சியர். இவர் வேலிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஆடியில் ஆர்டர் வந்தது. பர்மனென்ட் தோட்டக்காரர் என்று அதில் இருந்த பெயர் ஓவர்சியரின் மச்சானுடையது. அந்த மச்சான் அதுவரை செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்.

"மேலேர்ந்து வந்த ஆர்டர்யா, நான் என்ன பண்றது?" என்றார் ஓவர்சியர். இவர் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் மூன்று நாள் ஓவர்சியரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். திட்டினால் வேலை வருமா? வராது. ஆனாலும் திட்டாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

அந்தப் பூக்களெல்லாம் ஒரு வருசத்துக்கு மேல் நிற்பவை அல்ல. பூத்து, காய்ந்து, விதை விட்டுப் போய்விடும். அடுத்த கோடைக்கு விதை கையில் இருந்தால்தான் பாத்தி. இவர் வேலையை விட்டு வருவதற்குள் காய்ந்த தலைகளையெல்லாம் ஒரு துணியில் உதறி விதை எடுத்து, வேப்பிலை போட்டு, முடிச்சு முடிச்சாகக் கட்டி வீட்டில் வைத்திருந்தார். மச்சானுக்கு இது தெரியாது. ஜவுளிக்கடையில் யார் சொல்லித்தருவார்கள்?

அடுத்த மாசியில் மச்சான் வந்தார். இவர் மானாம்பதியில் அறுப்புக்குப் போயிருந்தார். மச்சான் சேரி முனையிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரமாட்டார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரன் இல்ல? போன வருசப் பூ விதை வச்சிகினு கீறானாமே. மாமா வாங்கியாரச் சொன்னாரு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையையும் பிடுங்கிக்கொண்டு, விதையையும் கொண்டா என்று வந்து நிற்கிறார். பேசினால் வாய் கெட்ட வார்த்தைக்குப் போய்விடும் என்று பேசாமல் வீட்டுக்குள் போனேன். கோழிக்கொண்டை விதையும் செங்கீரைத்தண்டு விதையும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் பொடிசு, இரண்டும் கறுப்பு, இரண்டும் மினுக்கும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கீரை விதை முடிச்சை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மணலோட கலந்து தூவுங்க. செக்கச்செவேல்னு நிக்கும்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் இவர் அரிவாளும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"ஏமே, சேதி தெரியுமா? ஓவர்சியரு வழில சைக்கிள நிறுத்திப் பேசுனாரு. செடிக்குத் தண்ணி எறைக்க இன்னொரு பர்மனென்ட் வேல வருதாம். என் வூட்டுலேர்ந்து விதை குடுத்து, இந்த வருசமும் பாத்தி பூத்துச்சுன்னா அதுக்கு என் பேருதான்னு சொன்னாரு. சரின்னுட்டேன். விதை கேட்டு ஆளு வந்தா குடுத்துடு."

மறைத்து என்ன செய்வது என்று உடனே சொல்லிவிட்டேன்.

"வந்தாரு. குடுத்துட்டேன். கீர விதையக் குடுத்துட்டேன்."

இவர் கையிலிருந்த அரிவாளைக் கீழே வைத்தார். "உனுக்கு புத்தி கித்தி கீதாமே?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீ முன்னாடியே சொன்னியா? அந்தாளு வந்து அதிகாரம் பண்றான், ஆத்திரம் வராதா?"

"உன் ஆத்திரத்தத் தொட்டு என் வேல போவணுமா?"

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தாமல் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து, சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

அறுப்பை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றதற்கு, நீ போனா இன்னும் கெட்டுடும் என்று தடுத்துவிட்டார். முடித்துக்கொண்டு, சரியான விதை முடிச்சோடு இவர் பங்களாவுக்குப் போனபோது பாத்தியில் செவசெவ என்று முளை விட்டிருந்தது. இவர் மச்சானிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். முடிச்சு மாறிப்போச்சு, இது கீரை, புடுங்கிட்டு இத்தப் போடுங்க, இப்பப் போட்டாலும் நாளு கீது என்று.

மச்சான் சிரித்தாராம். "வேல போச்சேன்னு உனுக்கு வயித்தெரிச்சல். நல்லா மொளச்சிகினு வர்றதப் புடுங்கச் சொல்றியா? போய்யா, சொம்மா பேஜார் பண்ணாத."

இவர் முடிச்சைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோடை மழை ஒன்றாவது பெய்து அடித்துக்கொண்டு போகட்டும், ஆடு மாடு புகுந்து மேயட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாதா கோயிலில் முழங்கால் போட்டுக் கீரை அழியட்டும் என்று வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. தினமும் இரண்டு தண்ணீர் குடித்துக் கீரை கொழுகொழுவென்று வளர்ந்தது. முழங்கால் உயரம் வந்த பிறகு எந்தச் சின்னப் பிள்ளைக்கும் அது கீரைத்தண்டு என்று தெரியும். அப்போதுதான் மச்சானுக்கும் தெரிந்தது. அதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. பிடுங்கினால் வெறும் பாத்தி. வெறும் பாத்திக்குச் சிவப்புக் கீரை தேவலை என்று ஓவர்சியர் விட்டுவைத்தார்.

ஆனால் எங்களை விட்டுவைக்கவில்லை. சைக்கிளைச் சேரி முனையில் நிறுத்திக்கொண்டு இவரைக் கூப்பிட்டுக் கத்தினார். "சர்க்காரை ஏமாத்தறியா? பெரிய ஐயா வர்ற அன்னிக்கு வந்து நில்லு. அவரு முன்னாடியே விசாரிக்கறேன். அப்புறம் இந்த ஊர்ல கூலி வேலைகூட உனக்குக் கிடைக்குதான்னு பாக்கறேன்."

இவர் நான்தான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிச்சு மாறிடுச்சு ஐயா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு இவர்மேல் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. முகாம் வந்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போய் வேலிக்கு வெளியே நின்றேன்.

அது அரிசிக்கு ஊரே அலைந்த காலம். ரேஷன் கடை வாசலில் விடியற்காலையிலேயே பை வைத்து இடம் பிடிப்பார்கள். பெரிய இன்ஜினீர் ஜீப்பிலிருந்து இறங்கினார். பாதையில் நாலு அடி வைத்தவர் நின்றார். இரண்டு பக்கமும் செங்கீரை, முழங்காலுக்கு மேலே.

"என்னய்யா இது?" என்றார்.

ஓவர்சியருக்கு வேர்த்துக் கொட்டியது. மச்சான் வேலிப் பக்கம் கையை நீட்டினார். "அதோ நிக்கறான் சார். அவன் வூட்டு விதை. பூ விதைன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க சார்."

"ஏமாத்தினானா?" என்று இன்ஜினீர் குனிந்து ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். "காலி இடத்துல எல்லாம் காய்கறி போடுங்கன்னு சர்க்கார் கரடியாக் கத்துது. ஒரு ஆபீஸ்லயும் ஒருத்தனும் கேக்கல. இந்த ஒரு பங்களாலதான் புத்தியா போட்டிருக்கான்னு நெனச்சேன். யார் யோசனை இது?"

மச்சான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. "நாந்தான் சார். பூவால என்ன பிரயோஜனம்னு நாந்தான் சார் யோசிச்சுக் கீரையாப் போட்டேன்."

அடப்பாவி! அதுவரைக்கும் பயந்துகொண்டிருந்த எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "பொய்! அது என் வூட்டு விதை! என் கையால நானே குடுத்தேன்!" என்று கத்திவிட்டேன். இடுப்பிலிருந்த பிள்ளை அழ ஆரம்பித்தது. இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

இன்ஜினீர் திரும்பினார். "பூ கேட்டா கீரை குடுத்தியா? எதுக்கு?"

"போன வருசம் நீங்க பேஷ்னு சொன்னீங்களே, அந்தப் பூவ வளத்தவரு இவருங்க. வேல கெடச்சது அவுருக்குங்க" என்று மச்சானைக் காட்டினேன்.

இன்ஜினீர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் கீரையைப் பார்த்தார். பிறகு இன்ஜினீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். நியாயத்தை நினைத்தாரா, வெயில் வேளையில் ஒரு வேடிக்கை கிடைத்ததே என்று சிரித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. சிரித்து முடித்துவிட்டு ஓவர்சியரிடம் சொன்னார். "எல்லாப் பாத்தியும் காய்கறி ஆக்கு. வெண்டை, கத்தரி, கீரை. இனிமே இங்க ஒரு பூச்செடி இருக்கக் கூடாது. ஒரு ஆள் போதாது, இவனையும் சேத்துக்கோ. அந்தத் தண்ணி எறைக்கற போஸ்ட்ல போடு."

மத்தியானம் சமையல்கட்டில் அவருக்குக் கீரை கடைந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆர்டர் ஆடியில் வந்தது. இந்தத் தடவை பெயர் சரியாக இருந்தது. நானே வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன், இரண்டு தடவை. இவர் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சட்டை தோளில் தொங்கியது. சேரியே சிரித்துக்கொண்டு நின்று வழியனுப்பியது. "கீரக்காரி புருசன் போறாம்பா" என்று யாரோ கத்தினார்கள். நானும் சிரித்தேன். சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

மத்தியானம் கூழ் கொண்டுபோனேன். அதற்கு முன் இரண்டு மழை பெய்திருந்தது. முந்தின வருசம் உதிர்ந்த விதையெல்லாம் பாதை ஓரத்தில் தானாக முளைத்து வளர்ந்திருந்தது. யாரும் தூவவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கோழிக்கொண்டை சில செடிகள் பூக்கூட எடுத்திருந்தன. இவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கியதை வேரிலிருந்த மண்ணை உதறி ஒரு பக்கமாகக் குவித்திருந்தார். மச்சான் வராந்தாவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூவைக் கண்டு உருகாதவள் என்று சொன்னேனே, பூவுக்காக அழவில்லை. இவர் அதைப் பிடுங்குகிற பக்குவத்தைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

"ஏன்யா, நீதான் புடுங்கணுமா? அந்தாளு புடுங்கக் கூடாதா?" என்றேன்.

இவர் நிமிரவில்லை. "காலைல அவருதான் புடுங்குனாரு. கீரையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு பூச்செடிய வுட்டுட்டாரு. எது கீர, எது பூன்னு எனுக்குத்தானமே தெரியும். அதுக்குத்தான என்ன வேலைக்கு வச்சிக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.